சர்க்கரை நர்ஸ்

"எங்க கட்டடத்துல இருபத்து நாலு வீடு. அதுல இருபத்து மூணு வீட்டுப் பைத்தியத்தை ஒரே ஒரு நாற்காலியில உட்கார்ந்தே தெளிய வெச்சா எங்க நர்ஸம்மா. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. ஊசி போட்டதே ஒருத்தருக்குத்தான். இருக்கிறதுலேயே தெளிவான ஆளு அவர் ஒருத்தர்தான்!"

ஓய்வுபெற்ற கண்டக்டர் இதை மருந்துக்கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். கேட்டது இருமல் மருந்து வாங்க வந்த ஓர் அம்மா. கேட்ட ஆச்சரியத்தில் அந்த அம்மாவுக்கு இருமல் நின்றேவிட்டது.

"அம்மா, இந்த மருந்து காலையில ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி," என்றார் மருந்துக்கடைக்காரர். "இவர் பேச்சை எந்த வேளைக்கும் எடுத்துக்காதீங்க. அப்படி எதுவும் நடக்கல."

தெருவில் மருந்துக்கடைக்காரருக்கு 'அத்தாட்சி' என்று பெயர். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட "அத்தாட்சி இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கையை வெளியே நீட்டிப் பார்க்கிற மனிதர். கண்டக்டரோ முப்பத்து நாலு வருஷம், நாற்பது பேர் உட்காரும் பஸ்ஸில் நானூறு பேரை ஏற்றிய வாய்க்குச் சொந்தக்காரர். இரண்டு பேரும் தினமும் சண்டை போடாவிட்டால் தெருவுக்கே பொழுது விடியாது.

"நடந்துச்சுய்யா! நீதான் பாதியில எழுந்து போயிட்ட."

"நான் இருந்தவரைக்கும் பார்த்தேன். அந்த மெக்கானிக்கைக் காலி பண்ணச் சொல்லத்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தாங்க. அந்தக் கூட்டம் அரை மணி நேரத்துல மனசு மாறிச்சுன்னா, அதுக்கு அத்தாட்சி வேணும்."

நடந்தது இதுதான்.

தரைத்தள வீட்டுக்கு மோட்டார் மெக்கானிக் ஒருவர் மனைவியோடு குடிவந்திருந்தார். தண்ணீர் மோட்டார், மின்விசிறி, லிஃப்ட் என்று சுற்றுகிற எதைக் கொடுத்தாலும் சரிசெய்துவிடுவார். கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் மூன்று வருஷமாக யானை பிளிறுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மனிதர் வந்த நாலாம் நாள் அது தூங்குகிற குழந்தை மாதிரி மூச்சுவிட்டது. அதிகம் பேசமாட்டார். கொஞ்சம் கை நடுங்கும். அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்குள் நர்ஸ் ஒருத்தி நுழைந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தட்டையான செருப்பு, பெரிய பை, அவசரமே இல்லாத நடை. அரை மணி நேரம் கழித்து வெளியே போனாள். படிக்கட்டில் நின்றுகொண்டிருந்த கண்டக்டர் மெக்கானிக் மனைவியை மறித்தார்.

"யாரும்மா அது, நர்ஸா? யாருக்கு என்ன?"

அந்தப் பெண் முழித்தாள். 

"வீட்டுக்காரருக்கா? சர்க்கரையா?" என்று கண்டக்டரே எடுத்துக் கொடுத்தார்.

"ஆ... ஆமாண்ணே. சர்க்கரை."

போதாதா? சாயங்காலத்துக்குள் செய்தி மாடி ஏறியது. முதல் மாடியில், "வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிற நர்ஸ்." இரண்டாம் மாடியில், "ரத்தமே எடுக்காம சொல்லிடுவா." மூன்றாம் மாடியை எட்டும்போது, "மூஞ்சியைப் பார்த்தாலே போதும், நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லிடுவா. பெரிய பெரிய டாக்டருங்க எல்லாம் அவகிட்ட ஒளிஞ்சு வந்து கேட்டுட்டுப் போறாங்களாம்." இத்தனையும் ஒரே வாயின் கைங்கரியம்.

அடுத்த செவ்வாய் அவள் மெக்கானிக் வீட்டைவிட்டு வெளியே வந்தபோது, படிக்கட்டில் பதினோரு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் சர்க்கரைக்கு வர்ற நர்ஸ் இல்லைங்க," என்றாள் அவள்.

"எவ்வளவு அடக்கம் பாரு!" என்றாள் மூன்றாம் மாடி அக்கா.

"நிஜமாவே இல்லைங்க. பிரஷர் வேணா பார்க்கிறேன். சர்க்கரைக்கு உங்க டாக்டர்கிட்டதான் போகணும்."

"பிரஷரையே பாரும்மா. எதையாவது பாரு."

அவள் வரிசையைவிட்டு நாலு படி மேலே தள்ளிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். அக்காவின் கையில் பட்டையைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: "தூக்கம் எப்படி?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அங்கேதான் இருக்கிறது அவள் தொழில். கேள்வி கேட்க உலகத்தில் கோடிப் பேர் இருக்கிறார்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? நாமாக இருந்தால், "எனக்கும்தாங்க தூக்கமே இல்ல" என்று ஆரம்பித்து நம் கதையைச் சொல்லியிருப்போம். இவள் சும்மா இருந்தாள். அந்தச் சும்மா இருப்பதில் ஒரு நாற்காலி போட்டுவைத்த மாதிரி இருந்தது. வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி. அக்கா உட்கார்ந்துவிட்டாள். மகன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆனதும், அன்றிலிருந்து கண் மூடினால் கதவு தட்டுகிற சத்தம் கேட்பதும், எழுந்து போய்த் திறந்தால் யாரும் இல்லாததும், இதை யாரிடமும் சொல்லாததும் எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. பிரஷர் பட்டை கையில் தொங்கிக்கொண்டே இருந்தது.

"சர்க்கரை எவ்வளவு?" என்று எழுந்து வந்த அக்காவைக் கேட்டார்கள்.

"குறைஞ்சிருக்கு," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

கண்டக்டரின் முறையும் வந்தது. தூக்கம் எப்படி என்ற கேள்விக்கு, "கும்பகர்ணன் நம்மகிட்ட வந்து பாடம் படிக்கணும்" என்றார். நர்ஸ் சிரித்தாள். பிறகு சும்மா இருந்தாள். கண்டக்டர் செருமினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். வேலையைவிட்டு எட்டு மாதம் ஆகியும் தினமும் விடியுமுன் எழுந்துவிடுவதை, பழைய தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதை, மனைவி எழுவதற்குள் அதைக் கழற்றி ஒளித்துவைப்பதை எல்லாம் யாரோ சொல்வது மாதிரி தன் குரலிலேயே கேட்டார்.

"பையில என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. காலிப் பை."

"காலிப் பைதாங்க ரொம்பக் கனம்," என்றாள் நர்ஸ்.

முப்பத்து நாலு வருஷம் சில்லறைக்கு மாரடித்தும் கலங்காத மனிதர் படிக்கட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். அவள் அவசரப்படவில்லை. கடைசியில், "அடுத்த தடவை இந்த வரிசையை நீங்களே பார்த்துக்கறீங்களா? படியெல்லாம் நெரிசல், யாராவது விழுந்துடப் போறாங்க," என்றாள். அதற்கடுத்த செவ்வாயிலிருந்து படிக்கட்டில், "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, நடுவுல எடம் இருக்கு!" என்ற குரல் ஆறு மாடிக்கும் கேட்டது. பையில் இப்போது அவளுடைய பிரஷர் மிஷின் இருந்தது.

மெக்கானிக் மனைவி அந்த முதல் வரிசை நின்ற அன்றே கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, என்ன வேலைண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க? சர்க்கரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவருக்கு மனசு சரியில்லாம நாலு மாசம் ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம். யாரோ பேசற மாதிரி காதுல கேட்டுட்டே இருக்கும். இப்ப இல்ல. இந்த நர்ஸம்மா மாசம் ஒரு ஊசி போடறாங்க, வந்து பேசறாங்க, நல்லா இருக்காரு. ஆனா இது நாலாவது வீடு. எங்க போனாலும் விஷயம் தெரிஞ்சதும் காலி பண்ணச் சொல்லிடறாங்க. மூட்டை கட்டற ஒவ்வொரு தடவையும் மனுஷன் ஒடைஞ்சு போய் மருந்தை விட்டுடறாரு. திரும்ப ஆஸ்பத்திரி. இங்கயும் அனுப்பினா இந்தத் தடவை அவர் எழுந்திரிக்க மாட்டாருண்ணே."

கண்டக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "என் மேல சத்தியமா வாயத் திறக்கமாட்டேன் தங்கச்சி."

திறக்கவில்லை. ஐந்து மாதம். அந்த வாய்க்கு அது ஐந்து ஜென்மம். ரகசியத்தை உள்ளே வைத்து வைத்து வயிறு உப்பி, சட்டைப் பித்தானை நகர்த்தித் தைக்க வேண்டியதாயிற்று என்பார்.

அவர் வாயைத் திறக்காவிட்டால் என்ன, அத்தாட்சி இருக்கிறாரே. எதிர்க்கடையிலிருந்து ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு சந்தேகம்: சர்க்கரை பார்க்கிற நர்ஸின் கட்டடத்திலிருந்து ஒருத்தர்கூடச் சர்க்கரை மாத்திரை வாங்க வரவில்லையே? நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார், விசாரித்தார். மனநலப் பிரிவு என்றார்கள். திரும்பி வந்து கட்டடத்துச் செக்ரட்டரியிடம் சொன்னார். கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை. உண்மை கையில் கிடைத்தால் அதை யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் அவருக்கு.

ஞாயிறு காலை கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டம். யாருக்காக அந்த நர்ஸ் வருகிறாள் என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவைப்படவில்லை.

"எப்பவும் சாதாரணமாத்தான் இருக்காரு. அதுதான் பயமா இருக்கு," என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

"கையில எப்பவும் ஸ்பேனர் வெச்சிருக்காரே?"

"மெக்கானிக் கையில ஸ்பேனர் இல்லாம, பூங்கொத்தா இருக்கும்?" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும்ங்க. நட்டு கழண்ட கேஸை நடு வீட்டுல வெச்சுக்கிட்டு எப்படித் தூங்கறது?"

மெக்கானிக் தூணோரம் நின்றிருந்தார். மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதால் நர்ஸும் வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அத்தாட்சி எழுந்து தன் சாட்சியத்தைச் சொன்னார்: தேதி, நேரம், ஆஸ்பத்திரி வராந்தாவின் எந்தப் பக்கம், பலகையில் என்ன எழுத்து. சொல்லி முடித்ததும், கடையைத் திறந்துபோட்டு வந்திருக்கிறேன் என்று கிளம்பிப் போய்விட்டார்.

செக்ரட்டரி ஒரு தாளை விரித்து வாசித்தார். "மனநல நர்ஸ் வந்து பார்க்கும் நபர் எவரும் இக்கட்டடத்தில் குடியிருக்கலாகாது. அவர்தம் வீட்டை ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டியது." அவருக்குத் தாளில் எழுதிவிட்டால் அது சட்டம். "சொல்லுங்கம்மா. நீங்க இங்க யாரைப் பார்க்க வர்றீங்க?"

"சொல்லமாட்டேங்க."

"எங்களுக்கே தெரியும். சும்மா ஆமான்னு சொன்னாப் போதும்."

"ஆமான்னும் சொல்லமாட்டேன், இல்லன்னும் சொல்லமாட்டேன். எனக்கு ரெண்டு கை. ஒண்ணு வைத்தியம் பார்க்கும், இன்னொண்ணு என் வாயைப் பொத்திக்கும். ரெண்டும் சேர்ந்தாத்தான் நான் நர்ஸ்."

"அந்த ஆளு திடீர்னு யாரையாவது அடிச்சுட்டா?"

"பொதுவாச் சொல்றேன். இருபது வருஷ சர்வீஸ்ல என்னைக் கீழே தள்ளிக் காலை ஒடைச்சது ஒரே ஒருத்தர்தான். அவர் நோயாளி இல்ல. பஸ்ல முந்தி ஏறினவர்."

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, உங்க நோட்டைக் காட்டுங்க," என்றார் செக்ரட்டரி. "அதுல ஒரே ஒரு பேர்தானே இருக்கும்?"

"நோட்டை என் புருஷனுக்கே காட்டினதில்லைங்க."

அப்போதுதான் மூன்றாம் மாடி அக்கா எழுந்தாள்.

"ஒரே ஒரு பேரா? அப்ப என் பேர் இல்லையா? அஞ்சு மாசமா உசுரைக் கொடுத்துப் பேசியிருக்கேன். நீ சொல்லித்தானே டாக்டர்கிட்ட போனேன், ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் தூங்கினேன்! என்னை எழுதிக்கவே இல்லையாம்மா?"

 நர்ஸின் காது சிவந்தது.

கூட்டம் அக்காவைப் பார்த்தது. அக்கா கூட்டத்தைப் பார்த்தாள். "என்ன பார்க்கறீங்க? மனநல நர்ஸ்கிட்ட நானும்தான் போனேன். எழுதுங்க செக்ரட்டரி, என் வீட்டையும் காலி பண்றேன்."

 கண்டக்டருக்கு வாழ்நாளில் முதல் தடவையாக, பெரிதுபடுத்தாமல் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. எழுந்தார்.

"சர்க்கரைன்னு கிளப்பிவிட்டது நான்தான். தப்பு என்னுது. நானும் அந்தப் படியில உட்கார்ந்து அழுதேன். வெறும் பையை மாட்டிட்டு எட்டு மாசம் உட்கார்ந்திருந்தேன். என் பேரையும் எழுதுங்க." அதற்குமேல் பழக்கதோஷம் விடவில்லை. கைதட்டிக் குரல் கொடுத்தார்: "ஏறினவங்க எல்லாரும் டிக்கெட் கேட்டு வாங்குங்க! அந்தப் படியில உட்காராதவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க!"

ஒரு கைகூட எழவில்லை. தண்ணீர் மோட்டார் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"நான் பிரஷருக்குப் போனேன்," என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

"பிரஷர் பார்க்க முக்கால் மணி நேரமா? உள்ளே ஏத்தினவன் நான், எனக்குத் தெரியாதா?"

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. "எழுதிக்குங்க, நாலாம் மாடி." "எங்க வீட்டுல ரெண்டு பேரு." "நாங்க குடும்பத்தோட போனோம்." செக்ரட்டரியின் பேனா வேகமாக ஓடியது. ஓடி, தன் சொந்தக் கதவு எண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவர் மனைவி கேட்டாள்: "ஏன் நிறுத்திட்டீங்க? பூட்டைப் பதினாறு தடவை இழுத்துப் பார்த்தது யாரு? நர்ஸம்மா சொல்லிச் சொல்லித்தானே இப்ப ரெண்டு தடவையோட நிக்கறீங்க? எழுதுங்க. ஒரு மாசத்துல நம்ம வீட்டையும் நீங்களே காலி பண்ணி, நீங்களே கையெழுத்துப் போடுங்க."

அந்த நேரத்தில் மெக்கானிக் தூணைவிட்டு நகர்ந்து முன்னால் வந்தார். கை நடுங்கியது, அதை மறைக்கவில்லை.

"அவங்க எனக்காகத்தான் வர்றாங்க," என்றார். "ஊசி எனக்குத்தான். நாலு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தேன். நட்டு கழண்ட கேஸ்னு சொன்னீங்க. சரியாத்தான் சொன்னீங்க. முப்பது வருஷமா எனக்கு அதுதான் வேலை. நட்டு கழண்ட மோட்டாரை நான் முறுக்கித்தான் கொடுத்திருக்கேன். தூக்கிப் போட்டதில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இவங்க என்னை முறுக்கிட்டிருக்காங்க. நடுவுல எடத்தை மாத்தாதீங்க. அவ்வளவுதான்."

அவர் அந்தக் கட்டடத்தில் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நர்ஸ் அவரைப் பார்த்தாள்.  எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டாள். ஒரு தடவை உடைந்து சேர்ந்த காலோடு வீடு வீடாகப் படியேறுகிறவள் நிற்க, கட்டடமே அதைப் பார்த்து வெட்கப்பட்டது.

செக்ரட்டரி தாளை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். "தீர்மானத்துல சின்னப் பிழை இருக்கு," என்றார். "அடிச்சுடறேன்." பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "லிஃப்ட் ரெண்டு நாளா ஒரு மாதிரி சத்தம் போடுதுங்க. உங்களுக்குச் சௌகரியப்படும்போது பாருங்க," என்றார். மெக்கானிக் மனைவி சட்டைக் கையை அப்போதுதான் விட்டாள்.

இதுதான் கதை. இதைத்தான் அத்தாட்சி நம்பவில்லை.

"பயந்து போய் விட்டுட்டாங்க, இல்லன்னா மறந்துட்டாங்க," என்றார் அவர். "எவனாவது நாலு பேர் முன்னாடி, நானும் அந்த நர்ஸ்கிட்ட போனேன்னு ஒத்துக்குவானா? இந்தத் தெருவுல? தூக்க மாத்திரையைக்கூட என்கிட்ட வயித்துவலி மாத்திரைன்னு சொல்லி வாங்கிட்டுப் போறாங்கய்யா!"

"நாளைக்குச் செவ்வாய். வந்து பாரு."

"வர்றேன். அத்தாட்சி இல்லாம நம்பமாட்டேன்."

வந்தார். கூட்டம் முடிந்த சில வாரங்களில் நர்ஸ் ஆஸ்பத்திரியில் பேசி, மாதத்தில் ஓர் அரை நாள் அந்தக் கட்டடத்துக்கென்றே வாங்கியிருந்தாள். செக்ரட்டரி சந்தாப் பணம் வசூலிக்கும் சின்ன அறையைக் காலி செய்து கொடுத்திருந்தார். அறை வாசலில் பலகை; அதில் மனநலம் என்ற எழுத்து பட்டப்பகலில், யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி. எழுதியது செக்ரட்டரி. மெக்கானிக் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வரிசை லிஃப்ட்டைத் தாண்டி வாசல்வரை நின்றது. பக்கத்துக் கட்டடத்து ஆட்கள்கூட வந்திருந்தார்கள்.

"யோவ், குறுக்க வராதே," என்றார் செக்ரட்டரி, அத்தாட்சியைப் பார்த்து. "எனக்கு அப்புறம்தான் நீ."

"நான் இதுக்கு வரல. நான் சும்மா..."

"எல்லாரும் சும்மாதான் வந்தோம். நில்லு."

கூட்டம் தள்ளியதில் அவர் வரிசைக்குள் விழுந்தார். "முன்னாடி போங்க, முன்னாடி போங்க!" என்று கண்டக்டர் விட்ட சத்தத்தில் முன்னாடியும் போய்விட்டார். அறைக் கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. கண்டக்டர் கதவுக்கு வெளியே நின்று, அவர் இரண்டு நிமிஷத்தில் வெளியே ஓடிவருவார் என்று எதிர்பார்த்தார்.

ஐம்பது நிமிஷம் ஆயிற்று.

கதவு திறந்தது. அத்தாட்சி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே வந்தார். ஒரு தடவை துடைத்தார், மாட்டினார், திரும்பக் கழற்றித் துடைத்தார்.

"என்னய்யா, அத்தாட்சி கிடைச்சுதா?" என்றார் கண்டக்டர். ஆனால் கிண்டல் குரலில் வரவில்லை.

"எப்பவோ ஒரு தடவை ஒரு அம்மாவுக்கு மருந்தை மாத்திக் கொடுத்துட்டேன்யா. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அன்னையிலேருந்து ஒவ்வொரு மாத்திரையையும்..." நிறுத்தினார். "தூக்கம் எப்படின்னு கேட்டா. அப்புறம் ஒண்ணுமே கேக்கலய்யா அவ."

"தெரியும்."

அத்தாட்சி வரிசையைப் பார்த்தார். செக்ரட்டரி பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து தன் முறைக்காகக் காலாட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஒரு பெரியவரைக் கைபிடித்து உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.

"நடந்ததுதான்யா," என்றார் அத்தாட்சி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இந்த ஆள் சொன்ன அத்தனையும் நடந்ததுதான். இருபத்து மூணு வீட்டோட, எதிர்ல ஒரு கடையையும் சேர்த்துக்க."